களை எடுக்கும் மாதத்தில் கையில் காசு

மலாவியில் மழை நவம்பரில் தொடங்கும். பாசன வசதி இல்லாத சிறு விவசாயிக்கு அங்கே ஆண்டுக்கு ஒரே வெள்ளாமைதான். ஏப்ரல், மே மாதங்களில் அறுத்துச் சேர்த்த மக்காச்சோளம், நிலம் குறைவாக உள்ள வீடுகளில் டிசம்பர், ஜனவரிக்குள் தீர்ந்துபோகும். அடுத்த அறுவடைக்கு இன்னும் மூன்று நான்கு மாதம் இருக்கும். வயலுக்கு ஆள் தேவைப்படுவதும் இதே மாதங்களில்தான். முளைத்த பயிர் முழங்கால் உயரம் வருவதற்குள் முதல் களை எடுத்தாக வேண்டும். உரம் கிடைத்தால் வேரோரம் வைக்க வேண்டும். மண் அணைக்க வேண்டும். எல்லாமே மண்வெட்டியோடு குனிந்து செய்கிற வேலை.

குதிர் காலியான வீட்டில் இருப்பவர் என்ன செய்வார்? தன் வயலை அப்படியே போட்டுவிட்டு, கொஞ்சம் வசதியான இன்னொருவர் வயலில் களை எடுக்கப் போவார். அன்றைய கூலி அன்றைக்கே மாவாகவோ காசாகவோ கைக்கு வந்துவிடும். பிள்ளைகள் இரவு பட்டினியாகப் படுக்க மாட்டார்கள். இந்த அன்றாடக் கூலி வேலையை அங்கே 'கன்யு' என்கிறார்கள். அவர் திரும்பி வந்து தன் வயலில் இறங்கும்போது களை பயிரை மூடியிருக்கும். விளைச்சல் குறையும். குறைந்த விளைச்சல் அடுத்த ஆண்டு இன்னும் சீக்கிரம் தீரும். அப்போது இன்னும் முன்னதாகவே அடுத்தவர் வயலுக்குப் போக வேண்டியிருக்கும்.

இதில் சோம்பல் எங்கே இருக்கிறது, ஊதாரித்தனம் எங்கே இருக்கிறது என்று நான் தேடிப் பார்த்திருக்கிறேன். இந்தக் குடும்பத்துக்கு விவசாயம் தெரியும், களை எந்த நாளில் எடுக்க வேண்டும் என்பதும் தெரியும். உடம்பில் தெம்பும் இருக்கிறது. அந்த மாதத்தில் கையில் காசு மட்டும்தான் இல்லை. அந்தக் காசு இல்லாததால் தன் உழைப்பைத் தன் வயலில் போட முடியாமல் போகிறது. ஏழை விவசாயக் குடும்பங்களுக்கு நேரடியாகப் பணம் கொடுப்பதைப் பற்றிப் பல காலமாகப் படித்து வருகிறேன். அதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான்: அந்தப் பணம் முதலில் மீட்டுத் தருவது அந்தக் குடும்பத்தின் சொந்த உழைப்பை. கூரை, படிப்பு, ஆடு, கோழி எல்லாம் அதற்குப் பின்னால் வருபவை.

சாம்பியாவில் நடந்ததைப் பாருங்கள். 2010-ல் கலாபோ, கபுட்டா, ஷங்கோம்போ என்ற மூன்று பின்தங்கிய மாவட்டங்களில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கும் குடும்பங்களுக்கு அரசு மாதாமாதம் பணம் கொடுக்க ஆரம்பித்தது. ஏறத்தாழ 12 டாலர். எந்த நிபந்தனையும் கிடையாது. குழந்தைகளுக்கு வயிறார உணவு கிடைக்க வேண்டும் என்பதே நோக்கம், விவசாயத்துக்கென்று யாரும் இதைத் திட்டமிடவில்லை. ஆனால் இரண்டு ஆண்டு கழித்துக் கணக்கெடுத்தபோது, பணம் பெற்ற குடும்பங்கள் சாகுபடி செய்த பரப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடியிருந்தது. விதைக்கும் உரத்துக்கும் கூலிக்கும் அதிகம் செலவழித்திருந்தார்கள். கால்நடை பெருகியிருந்தது. அடுத்தவர் வயலுக்குக் கூலிக்குப் போவது குறைந்திருந்தது. அந்தக் குடும்பங்களின் வாழ்க்கைத்தரத்தில் ஏற்பட்ட ஏற்றத்தைப் பணமதிப்பில் கணக்கிட்டவர்கள், அது கொடுத்த தொகையைவிட ஒன்றரை மடங்குக்கும் அதிகம் என்று கண்டார்கள். மிச்சம் அவர்களுடைய உழைப்பிலிருந்து வந்தது.

மலாவியிலும் இதேதான். 2006-ல் மிச்சிஞ்சி மாவட்டத்தில் சோதனையாகத் தொடங்கிய பணத் திட்டத்தில், பெரியவர்கள் கூலிக்குப் போவது குறைந்தது, மண்வெட்டியும் அரிவாளும் ஆடும் கோழியும் வாங்கினார்கள், பிள்ளைகள் வெளி வேலைக்குப் போவது குறைந்து வீட்டு வயலில் கூடமாட நின்றார்கள். இந்தியாவில் 2011 முதல் 2012 வரை மத்தியப் பிரதேசத்துச் சில கிராமங்களில் சுயதொழில் செய்யும் பெண்களின் சங்கமான சேவாவும் யுனிசெஃபும் சேர்ந்து நடத்திய சோதனையில், கிராமத்தில் இருந்த எல்லோருக்கும், பெரியவர்களுக்கு மாதம் 200 ரூபாய், குழந்தைகளுக்கு 100 ரூபாய் என்று கொடுத்தார்கள். பிறகு 300, 150 என்று உயர்த்தினார்கள். அங்கும் கூலியிலிருந்து சொந்த வயலுக்கு நகர்ந்தார்கள். மூன்று நாடுகள், மூன்று வகைத் திட்டங்கள், மூன்று இடத்திலும் ஒரே திசை.

சாம்பியாவின் சிபாட்டா மாவட்டத்தில் நடந்த இன்னொரு ஆய்வையும் சொல்ல வேண்டும். அங்கே கொடுத்தது தானியம் தீர்ந்துபோன மாதங்களுக்கான கடன்: ஜனவரி வாக்கில் காசாகவோ மக்காச்சோளமாகவோ கொடுத்து, அறுவடைக்குப் பிறகு திருப்பி வாங்கினார்கள். கடன் பெற்றவர்கள் கூலிக்குப் போகாமல் தங்கள் வயலில் நின்றார்கள், விளைச்சல் கூடியது. கூலிக்கு வருபவர்கள் குறைந்ததால் அந்தக் கிராமங்களில் கூலி உயர்ந்தது. அதாவது, இன்னும் கூலிக்குப் போயே தீர வேண்டிய பரம ஏழைக்கும் ஒரு நாளைக்கு முன்பைவிடக் கொஞ்சம் அதிகம் கிடைத்தது. உதவி வாங்காதவருக்கும் இப்படிப் பலன் போய்ச் சேரும் என்பதைப் பண உதவி பற்றிய சண்டைகளில் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

வயல் வேலை மட்டுமல்ல, பிள்ளைப்பேறும் இந்தக் கணக்கில்தான் வருகிறது. கென்யாவின் சியாயா பகுதியில் ஏழைக் குடும்பங்களுக்கு வீட்டுக்கு ஏறத்தாழ 1,000 டாலர் வீதம் கொடுக்கப்பட்டது. அந்தக் குடும்பங்களில் பிறந்த குழந்தைகளைப் பற்றி ஆய்வாளர்கள் பின்னர் விவரம் திரட்டினார்கள். அந்த ஆய்வு 2025-ல் வெளியானது. ஒரு வயது நிறைவதற்குள் இறக்கும் குழந்தைகளின் விகிதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. முதலில் படித்தபோது எனக்கு நம்ப முடியவில்லை. மருந்தோ தடுப்பூசியோ கொடுக்கவில்லை, பணம் மட்டுமே கொடுத்தார்கள். எப்படி என்று பார்த்தால், பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிள்ளை பெறுவது அதிகரித்திருந்தது. மருத்துவர் இருக்கும் ஆஸ்பத்திரி பக்கத்தில் இருந்த இடங்களில் பலன் கூடுதலாக இருந்தது. அதோடு, பேறுகாலத்தை ஒட்டிய மாதங்களில் பெண்கள் வேலைக்குப் போவது வெகுவாகக் குறைந்திருந்தது. நிறைமாதத்தில் குனிந்து மண் கொத்தாமல் இருப்பதும், பச்சைக் குழந்தையை வரப்போரம் கிடத்தாமல் வீட்டில் வைத்துப் பால் கொடுப்பதும் பணம் உள்ளவர்களுக்குச் சாதாரணம். இந்தப் பெண்களுக்கு அது அந்த 1,000 டாலரால் கிடைத்தது. குழந்தை பிறக்கும் சமயத்தில் பணம் வந்த வீடுகளில்தான் இந்தப் பலன் தெரிந்தது, நேரம் தள்ளி வந்த வீடுகளில் அப்படி இல்லை. எந்த மாதத்தில் வருகிறது என்பது தொகையைப் போலவே முக்கியம் என்று நான் சொல்வதற்கு இதைவிட வலுவான ஆதாரம் எனக்குத் தெரியாது.

காசு இல்லாத மாதம் உடம்பை மட்டும் வாட்டுவதில்லை. நம்முடைய விழுப்புரம், திருவண்ணாமலை வட்டாரத்துக் கரும்பு விவசாயிகளை வைத்தே இதை உலகத்துக்குச் சொன்ன ஆய்வு ஒன்று 2013-ல் வெளியானது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவ் ஆகிய நால்வர் செய்தது. 54 கிராமங்கள், 464 விவசாயிகள். கரும்புக்கு ஆலையிலிருந்து பணம் ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும். வெட்டுவதற்கு முந்தைய மாதங்களில் கை வறண்டு கிடக்கும். அந்தச் சமயத்தில் 100-க்கு 78 பேர் எதையாவது அடகு வைத்திருந்தார்கள், அறுவடைக்குப் பிறகு 4 பேர்தான். அதே விவசாயிக்கு அறுவடைக்கு முன்பும் பின்பும் ஒரே மாதிரியான அறிவுச் சோதனைகளை வைத்தார்கள். முன்பு செய்தபோது தவறுகள் அதிகம், வேகம் குறைவு. அவர் அதே மனிதர்தான். எந்த நகையை எடுத்து வைப்பது, யாரிடம் கைமாற்று கேட்பது, பள்ளிக் கட்டணத்துக்கு என்ன செய்வது என்ற கணக்கு மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தால், மற்றதற்கு இடம் எங்கே இருக்கும்?

விவசாயிகள் தப்பான நேரத்தில் விற்கிறார்கள், தப்பான கடன் வாங்குகிறார்கள், முன்யோசனை இல்லை என்று சொல்பவர்களுக்கு இந்த ஆய்வைக் காட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றும். அறுவடை முடிந்த கையோடு எல்லோரும் விற்பதால் விலை அடிமட்டத்தில் இருக்கும், ஆறு மாதம் கழித்து அதே தானியத்தை அதிக விலைக்குத் திரும்ப வாங்க வேண்டியிருக்கும். மேற்குக் கென்யாவின் மக்காச்சோள விவசாயிகளுக்கு இது நன்றாகவே தெரியும். அறுவடைச் சமயத்தில் சிறு கடன் கொடுத்தபோது அவர்கள் தானியத்தை வைத்திருந்து, விலை ஏறியபின் விற்று, வட்டி போக லாபம் பார்த்தார்கள். காத்திருக்க வழி கிடைத்ததும் காத்திருந்தார்கள்.

மனசு இன்னும் ஆழமாக முறிகிற இடமும் உண்டு. இந்தோனேசியாவில் அரசின் குடும்ப நலப் பணத் திட்டம் படிப்படியாக ஒவ்வொரு பகுதிக்கும் விரிந்தபோது, அது போய்ச் சேர்ந்த இடங்களில் தற்கொலை விகிதம் ஏறத்தாழ 18 சதவீதம் குறைந்ததாக 2019-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. மழை பொய்த்து விளைச்சல் போன இடங்களில் தற்கொலை கூடுவதையும், பணம் வந்த இடங்களில் அந்தத் தாக்கம் தணிவதையும் அது காட்டியது. விவசாயிகளின் தற்கொலையைச் செய்தியாகப் படித்துப் படித்து மரத்துப்போன ஒரு நாட்டில் இருந்துகொண்டு இதை வெறும் புள்ளிவிவரமாக என்னால் படிக்க முடியவில்லை.

இனி கூரைக்கு வருகிறேன். கென்யாவின் ரரியேடா பகுதியில் 2011 முதல் 2013 வரை 'கிவ்டைரக்ட்லி' என்ற அமைப்பு பணம் கொடுத்தபோது, யார் ஏழை என்று கண்டுபிடிக்க ஓர் எளிய அடையாளத்தை வைத்துக்கொண்டது: புல் வேய்ந்த வீடு. அந்தப் புல்லை ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். புல் வாங்க வேண்டும் அல்லது அறுத்து வர வேண்டும், வேய ஆள் வேண்டும். மழைக்காலத்தில் ஒழுகும். ஒழுகும் இடத்திலிருந்து படுக்கையை இழுத்துப் போட வேண்டும், தானிய மூட்டை நனையாத மூலையைத் தேட வேண்டும். நனைந்த தானியத்தில் பூஞ்சை வரும். தகரக் கூரை போட்டால் பல ஆண்டுக்கு இந்தச் செலவும் இல்லை, இந்த அலைச்சலும் இல்லை, கூரையிலிருந்து வழியும் மழைநீரைப் பிடித்து வைக்கவும் முடியும். எல்லோருக்கும் இது தெரியும். ஆனால் தகரம் போட மொத்தமாகப் பணம் வேண்டும், புல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சமாளிக்கலாம். அதனால் ஏழைதான் கூரைக்கு அதிகம் செலவழித்துக்கொண்டிருந்தார். பணம் வந்ததும் பல குடும்பங்கள் போய் வாங்கிய முதல் பொருள் தகரம்தான். பணம் பெறாத வீடுகளோடு ஒப்பிட்டால், தகரக் கூரை போட்ட வீடுகள் நூற்றுக்கு இருபதுக்கு மேல் கூடுதலாக இருந்தன. ஆடம்பரம் என்று முகம் சுளித்தவர்களும் இருந்தார்கள். அந்த வீட்டுக்காரர் செய்தது நல்ல முதலீடு.

ரரியேடாவில் கொடுத்த பணத்தை வைத்து நடந்த ஆய்வில் மனைவியிடம் கொடுப்பதா, கணவனிடம் கொடுப்பதா என்பதையும் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மாதாமாதம் கொடுத்தால் சாப்பாடு சீரானது, மொத்தமாகக் கொடுத்தால் கூரை போன்ற நீடித்து நிற்கும் பொருட்கள் வந்தன. மதுவுக்கும் புகையிலைக்கும் செலவு கூடவில்லை.

குடி விஷயத்தைச் சுருக்கமாகவே முடித்துக்கொள்கிறேன், ஏனென்றால் இது எப்போதோ தீர்ந்துபோன வழக்கு. பல நாடுகளில் நடந்த 19 ஆய்வுகளை உலக வங்கியைச் சேர்ந்த டேவிட் எவன்ஸும் அன்னா போபோவாவும் ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். பண உதவியால் குடியோ புகையோ கூடியதாகப் பொதுவாகத் தெரியவில்லை, பல இடங்களில் குறைந்தே இருந்தது. சும்மா பணம் வந்தால் உழைக்க மாட்டார்கள் என்ற பேச்சையும் பொருளாதார அறிஞர் அபிஜித் பானர்ஜி முதலானவர்கள் ஆறு நாடுகளின் ஏழு சோதனைகளை வைத்துப் பார்த்து, அப்படி எதுவும் இல்லை என்று 2017-ல் எழுதினார்கள். இத்தனைக்குப் பிறகும் இந்தச் சந்தேகம் ஏழைகளைப் பற்றி மட்டுமே எழுவது எனக்குக் கோபத்தைத் தருகிறது. பணக்கார விவசாயிக்கு மானியம் போகும்போது அவர் அதைக் குடித்துவிடுவாரா என்று யாரும் கேட்பதில்லை.

அதே சியாயாவில் 653 கிராமங்களை வைத்து நடந்த பெரிய ஆய்வு வேறு ஒரு கேள்விக்குப் பதில் தேடியது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு ஏறத்தாழ 1,000 டாலர் வீதம் ஒரே வட்டாரத்தில் பணத்தைக் கொட்டினால், விலைவாசி ஏறி எல்லாருக்கும் கேடாகிவிடாதா? ஏறியது ஏறத்தாழ 0.1 சதவீதம்தான். கொடுத்த ஒவ்வொரு டாலரும் அந்த வட்டாரப் பொருளாதாரத்தில் ஏறத்தாழ இரண்டரை டாலர் அளவுக்குப் புழங்கியது. பணம் பெறாத குடும்பங்களின் வரவும் செலவும்கூட உயர்ந்தன. காரணம் எளிது. கிராமத்து மாவு மில்லை எடுத்துக்கொள்ளுங்கள். இயந்திரம் இருக்கிறது, ஆள் இருக்கிறார், நாளின் பெரும்பகுதி வாடிக்கையாளர் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு மடங்கு தானியம் வந்தாலும் அவர் கட்டணத்தை ஏற்றத் தேவையில்லை, சும்மா இருந்த நேரத்தில் அரைத்துக் கொடுப்பார். தையல்காரர், தச்சர், சைக்கிள் பழுது பார்ப்பவர் எல்லோர் கதையும் இதுதான். ஏழைக் கிராமத்தில் தேவைப்படாமல் வீணாகும் உழைப்பு ஏராளம் இருக்கிறது.

ஆனால் எல்லா ஊரிலும் இப்படித்தான் ஆகும் என்று நான் சொல்ல மாட்டேன். பிலிப்பைன்ஸில் அரசின் பணத் திட்டம் பெரும்பாலான குடும்பங்களுக்குப் போன ஒதுக்குப்புறக் கிராமங்களில், முட்டை போன்ற சத்தான, சீக்கிரம் கெட்டுப்போகும் உணவின் விலை ஏறியது. திட்டத்தில் இல்லாத குடும்பங்களின் குழந்தைகளிடம் வளர்ச்சிக் குறைபாடு அதிகமானது. கென்யாவின் சந்தைகளுக்குச் சரக்கு வந்துகொண்டே இருந்தது, அந்தக் கிராமங்களுக்கு வரவில்லை. ரோடு இல்லாத ஊருக்குப் பணம் மட்டும் அனுப்பினால், பணம் இல்லாதவரின் தட்டிலிருந்து அது எடுத்துவிடக்கூடும். பண உதவியை ஆதரிப்பவர்கள் இதை மறைக்காமல் பேச வேண்டும் என்பது என் கருத்து. ரரியேடாவிலும் ஒரே கிராமத்தில் சிலருக்குக் கொடுத்து சிலரை விட்டது பின்னாளில் மனக்கசப்பையும் பாதிப்பையும் உண்டாக்கியதற்கான அறிகுறிகள் மூன்றாண்டு கழித்து நடந்த ஆய்வில் தெரிந்தன. ஹோமா பே என்ற இன்னொரு பகுதியில் 2015-ல் நிறையக் குடும்பங்கள் பணமே வேண்டாம் என்று சொல்லிவிட்டன. சும்மா யாராவது கொடுப்பார்களா, இதில் ஏதோ சூது இருக்கிறது என்ற பேச்சு பரவியிருந்தது. ஏமாற்றப்பட்டே பழகியவர்கள் அப்படி நினைப்பதில் என்ன ஆச்சரியம்.

பணத்தால் ஆகாத இன்னொன்று, மழை. வடக்குக் கானாவில் சில விவசாயிகளுக்கு ரொக்கமும் சிலருக்கு மழை பொய்த்தால் ஈடு தரும் காப்பீடும் கொடுத்துப் பார்த்தார்கள். டீன் கார்லன், கிறிஸ்டோபர் உட்ரி முதலானவர்களின் இந்த ஆய்வு 2014-ல் வெளியானது. காப்பீடு கிடைத்தவர்கள்தான் துணிந்து அதிக நிலம் உழுது அதிகம் செலவழித்தார்கள், ரொக்கம் மட்டும் பெற்றவர்கள் அந்த அளவுக்கு இறங்கவில்லை. இருக்கும் காசையும் மண்ணில் போட்டு மழை வராமல் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம் நியாயமானது. இந்த முடிவு என் எண்ணத்துக்கு எதிரானது என்று நான் நினைக்கவில்லை. நாளைக்கு என்ன ஆகும் என்ற உறுதி கிடைத்தால் விவசாயி தன் உழைப்பையும் காசையும் நிலத்தில் போடுகிறார். பணமும் அந்த உறுதியைத் தருகிற மாதிரி வர வேண்டும்.

இந்திய விவசாயிகளுக்கான திட்டங்கள் எனக்கு மனக்குறையைத் தருவது இந்த இடத்தில்தான். மத்திய அரசின் பிஎம்-கிசான் திட்டம் 2019 பிப்ரவரியில் தொடங்கியது. ஆண்டுக்கு 6,000 ரூபாய், நான்கு மாதத்துக்கு ஒருமுறை 2,000 வீதம் நேராக வங்கிக் கணக்குக்கு வருகிறது. இடைத்தரகர் இல்லாமல் கோடிக்கணக்கான குடும்பங்களுக்குப் பணம் போய்ச் சேர்வது பெரிய காரியம், அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் உரம், டீசல், கூலி எல்லாம் ஏறியபோதும் அந்த 6,000 ஆண்டுக்கணக்கில் அப்படியே நின்றது. தவணையும் நாட்காட்டிப்படிதான் வரும், அந்தந்த வட்டாரத்து விதைப்பைப் பார்த்து வராது.

அதைவிடப் பெரிய குறை, பணம் பட்டாவைத் தேடிப் போகிறது. நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் பணம். குத்தகைக்கும் வாரத்துக்கும் எடுத்து உழுபவர், வாய்ப்பேச்சு ஒப்பந்தத்தை நம்பிப் பயிர் வைப்பவர், அப்பா பெயரிலோ கணவர் பெயரிலோ இருக்கும் நிலத்தில் வாழ்நாள் முழுக்க உழைக்கும் பெண் இவர்களுக்கெல்லாம் ஒன்றும் கிடையாது. தெலங்கானா 2018-ல் விவசாயிகளுக்குப் பணம் கொடுக்கும் ரைது பந்து திட்டத்தைத் தொடங்கியபோது ஏக்கருக்கு ஒரு பருவத்துக்கு 4,000 ரூபாய், பின்னர் 5,000. விதைப்புக்கு முன்னால் பணம் வர வேண்டும் என்று நினைத்தது நல்ல யோசனை. ஆனால் ஏக்கர் கணக்கு என்பதால் அதிக நிலம் வைத்திருந்தவருக்கு அதிகப் பணம், குத்தகைதாரருக்கு ஒன்றுமில்லை. மெக்சிகோ தொண்ணூறுகளில் கொண்டுவந்த புரோகாம்போ என்ற விவசாயிகளுக்கான பணத் திட்டமும் ஹெக்டேர் கணக்கில்தான் கொடுத்தது. ஒடிசாவின் காலியா திட்டம் குத்தகை விவசாயிகளையும் நிலமற்றவர்களையும் சேர்த்துக்கொண்டது. நிலமற்ற குடும்பத்துக்கு ஆடு, கோழி, காளான் வளர்ப்பு போன்றவற்றுக்காக 12,500 ரூபாய் என்று வைத்தார்கள். நடைமுறையில் சிக்கல்கள் வந்தாலும் யாரைச் சேர்க்க வேண்டும் என்ற கேள்வியை அவர்கள் கேட்டார்கள். களை எடுக்கும் மாதத்தில் கை வறண்டிருப்பவர் பெரும்பாலும் பட்டா இல்லாதவர்தான். அவரை விட்டுவிட்டு நிலச் சொந்தக்காரரின் கணக்கில் போடும் பணம், நான் மேலே சொன்ன எதையும் செய்யாது.

நேரம் பார்த்துக் கொடுப்பது முடியாத காரியமும் இல்லை. 2020 ஜூலையில் வங்கதேசத்தில் ஜமுனா ஆற்றில் வெள்ளம் வரப்போகிறது என்று முன்னறிவிப்பு வந்ததும், வெள்ளம் உச்சத்தைத் தொடுமுன் ஐ.நா.வின் உலக உணவுத் திட்ட அமைப்பு ஆற்றோரக் குடும்பங்களுக்கு 4,500 டாக்காவை செல்போன் வழியாக அனுப்பியது. வெள்ளம் வடிந்தபின் நிவாரணத்துக்காக வரிசையில் நிற்க வைப்பதுதான் வழக்கம். இங்கே பணம் தண்ணீருக்கு முன்னால் போனது. மாட்டை மேட்டுக்கு ஓட்டவும், அரிசி வாங்கி வைக்கவும் அவகாசம் கிடைத்தது. ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருக்க நேர்ந்தவர்கள் பணம் பெற்ற குடும்பங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. மூன்று மாதம் கழித்தும் அவர்கள் நிலை கொஞ்சம் மேலாகவே இருந்தது.

மாதாமாதமா, மொத்தமாகவா என்ற விவாதம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. கென்யாவில் இதற்கென்றே உலகின் மிக நீளமான சோதனை நடக்கிறது. 44 கிராமங்களில் வயதுவந்த எல்லோருக்கும் மாதம் ஏறத்தாழ 22 டாலர், 12 ஆண்டுகளுக்கு. 80 கிராமங்களில் அதே தொகை, ஆனால் 2 ஆண்டுகளுக்கு மட்டும். 71 கிராமங்களில் அந்த 2 ஆண்டுத் தொகை ஏறத்தாழ 500 டாலராக மொத்தமாக. 2023-ல் முதல் முடிவுகள் வந்தன. எந்தக் குழுவிலும் உழைப்பு குறையவில்லை. கூலி வேலையை விட்டுச் சொந்தத் தொழிலுக்கு நகர்ந்தார்கள். 2 ஆண்டுக்கு மாதத் தவணையாகப் பெற்றவர்களைவிட, மொத்தமாகப் பெற்றவர்கள் அதிகம் தொழில் தொடங்கினார்கள். இத்தனைக்கும் கொடுத்த தொகை ஒன்றேதான்.

12 ஆண்டு உறுதி பெற்றவர்களுக்கும் அதே மாதத் தவணைதான், ஆனால் அவர்களும் மொத்தமாகப் பெற்றவர்களைப் போலவே கடையும் தொழிலும் வைத்திருந்தார்கள். எப்படி முடிந்தது என்று பார்த்தால், அக்கம்பக்கத்தில் பலர் சேர்ந்து சீட்டுக் கட்டியிருந்தார்கள். ஒவ்வொரு மாதமும் எல்லோரும் போட, ஒருவர் முறை வைத்து மொத்தமாக எடுத்துக்கொள்கிறார். அடுத்த மாதமும் எல்லோருக்கும் பணம் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும், அதனால் எடுத்தவர் கட்டாமல் போய்விடுவாரோ என்ற பயம் இல்லை. 2 ஆண்டுக் கிராமங்களில் சீட்டு இந்த அளவுக்குப் பெருகவில்லை. எந்த மாதத்தில் யாருக்குத் தகரம், யாருக்கு மாடு, யாருக்குக் கடைச் சரக்கு என்பதை 12 ஆண்டுக் கிராமங்களில் அவர்களே உட்கார்ந்து பேசி முறை போட்டுக்கொண்டார்கள்.